சத்தியக் கடதாசியில் ஒரு வரி

எங்கள் குடும்பத்தில் இங்கிலீசு படித்த முதல் ஆள் நான். கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுக்கு இங்கிலீசுக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமை கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அக்கா வீட்டிலேயே இருந்திருப்பாள்.

அக்காவின் குழந்தை பிறந்து பதினாறாம் நாள் இறந்தது. அத்தான் மலாயாவில். அதன்பிறகு அவள் சாப்பிடுவதில்லை, தலை வாரி இழுப்பதில்லை, யாரோடும் கதைப்பதில்லை. நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியார் தலைக்கு எண்ணெய் வைத்துப் பார்த்தார், மாறவில்லை. கிணற்றடி முருங்கையில் பேய் இருக்கிறது, அதுதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று அயல் பெண்கள் அவள் காதுபடக் கதைத்தார்கள். ஒருநாள் மத்தியானம் அக்கா கத்தியை எடுத்துப்போய் அந்த முருங்கையைத் தறித்து விழுத்தினாள். அதே பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "ஐயோ, விசர் முத்திப்போச்சு!" என்று கத்தினார்கள்.

"நீங்கள்தானே அதிலை பேய் எண்டு சொன்னனீங்கள்?" என்று அக்கா கேட்டாள். வேலிக்கு மேலால் தெரிந்த தலைகள் கீழே போயின.

கொழும்பில் அரசாங்க விசர் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் சுகம் வரும் என்று அப்பு நம்பினார். சேர்ப்பதற்குக் கோட்டு நீதிபதியின் கட்டளை வேண்டும், அதற்குத் தகப்பன் என்ற முறையில் அப்பு இங்கிலீசில் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும் என்றார் ஊர்த் தலைமைக்காரரான விதானையார். நான் எழுதினேன். விதானையார் அதைத் தமிழில் சொல்லச்சொல்லிக் கேட்டுவிட்டு, போதாது என்று தலையாட்டினார்.

"சாப்பிடேல்லை, கதைக்கேல்லை எண்டு எழுதினால் கோட்டிலை சிரிப்பினம், பிள்ளை. என்ரை மனிசி ஒருநாள் கதைக்காமல் இருந்தால் நான் கோயிலுக்கு நேர்த்தி வைப்பன். ஆபத்து எண்டு ஒரு சொல்லு விழவேணும்."

ஒரு வரி சேர்த்தேன்: கையில் கத்தியோடு திரிந்தாள்; அவளுடைய உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து. இங்கிலீசில் அது அவ்வளவு எடுப்பாக இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். அப்புவுக்குத் தமிழில் சொன்னபோது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். கேட்டால் அவர் மனம் நோகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முத்திரை குத்துகிற பெரியவர், "வாசிச்சு விளங்கப்படுத்தினதோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன் நான். அப்பு பெருவிரலை மையில் தோய்த்து ஊன்றினார்.

கோட்டில் நீதிபதி இங்கிலீசில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் அக்காவிடம் தமிழில் கேட்டார்.

"கத்தி எடுத்தனீரோ?"

"ஓம், முருங்கை தறிக்க. எங்கடை முருங்கை. வேணுமெண்டால் வந்து அடிக்கட்டையைப் பாருங்கோ."

ஒத்துக்கொள்கிறாள் என்று மட்டும் அவர் நீதிபதிக்குச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் இரண்டு மொழியும் விளங்கியது எனக்கு மட்டும்தான். எழுந்தால், அந்த வரி பொய் என்று சொல்லவேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவர் அப்பு. மறியலுக்குப் போய்ச் சிறையிருக்கப்போவது அவர். எழாவிட்டால் போவது அக்கா. நான் இருந்த வாங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எடியே, நீ படிச்சனியெல்லோ. உவருக்கு அந்த முருங்கையைச் சொல்லன்."

நான் குனிந்துகொண்டேன்.

சில நாள் மறியலில் வைத்துப் பார்த்துவிட்டு அவளைக் கொழும்புக்கு ரயிலேற்றினார்கள். ஆறு மாதம் கழித்து அங்குள்ள டாக்குத்தருக்கு எழுதினேன். சாப்பிடுகிறாள், தைக்கிறாள், எல்லோரோடும் கதைக்கிறாள் என்று பதில் வந்தது. ஆனால் ஆபத்தானவள் என்று தகப்பனே சத்தியம் செய்திருக்கையில், அது மாறாதவரை அவளை வெளியே விடத் தன்னால் இயலாது என்றும் எழுதியிருந்தார்.

அப்பு புகையிலைக்குத் தண்ணீர் கட்டிவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னவாம் பிள்ளை? எப்ப விடுவினமாம்?"

அந்தக் கடிதத்திலும் ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்திருக்கலாம். பழகிய வேலைதான். முழுவதையும் வாசித்தேன். பிறகு சத்தியக் கடதாசியின் பிரதியை எடுத்துவந்து அந்த வரியையும் தமிழில் சொன்னேன்.

அவர் தன் பெருவிரலைப் பார்த்தார். "என்ரை பிள்ளையை நானே கொலைகாரி எண்டு சொல்லியிருக்கிறன்." என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் மூச்சு விட்டிருப்பேன்.

"இப்ப மாத்திச் சொன்னால் உங்களை மறியலிலை போட்டாலும் போடுவினம், அப்பு."

"போடட்டும். கடதாசியை எடு. நான் சொல்லுறதை மட்டும் எழுது. உன்ரை கெட்டித்தனம் ஒண்டும் வேண்டாம்."

அவர் சொன்னார், நான் எழுதினேன். முருங்கை வந்த இடத்தில் பேனா நின்றது. ஆபத்துக்கு எனக்கு மூன்று இங்கிலீசுச் சொல் தெரியும். முருங்கைக்கு ஒன்றும் தெரியாது. முருங்கை என்றே இங்கிலீசு எழுத்தில் எழுதினேன். கீழே, அந்த வரியை அவருக்கு வாசிக்காமல் மறைத்தது நான் என்றும் எழுதி, அதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் விரலை ஊன்றினார். நான் கையெழுத்து வைத்தேன்.

கோட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. வேலிப் படலை திறக்கிற சத்தம் கேட்டால் இருவரும் எழும்புகிறோம். வருவது அக்காவா, எங்களில் ஒருவரை மறியலுக்குக் கூட்டிப்போக வருகிறவரா என்று தெரியாமல்.