ஏறாவூரில் நான் மாற்றிச் சொன்ன பதில்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர்கள் வருடா வருடம் மட்டக்களப்புக்கு வந்து, பெண்கள் சங்கம், மீனவர் சங்கம் என்று பார்த்து, ஆட்களோடு பேசி, ஆய்வு எழுதிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு மூன்று வருடம் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். தேற்றாத்தீவிலிருந்து காலை பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்புவேன். பிடித்த வேலைதான்.

இரண்டாம் வருடம் ஒரு மாணவியை ஏறாவூருக்குக் கூட்டிப்போனேன். வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போய்த் தொடர்பற்றுப்போன பெண்களின் குடும்பங்களைப் பற்றி எழுத வந்திருந்தாள். நாங்கள் பார்க்கப் போனவரை, முஸ்லிம் அக்காமாரைக் கூப்பிடுவதுபோல, ராத்தா என்பேன். அவருடைய மகள் வளைகுடாவுக்குப் போய் எட்டு மாதம் ஒழுங்காக வீட்டுக்குக் கோல் எடுத்துப் பேசியவள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆறு வருடமாக மகளைத் தேடி ராத்தா ஏறாத அரசாங்கக் கந்தோர், அலுவலகம் இல்லை. இப்படிப் பிள்ளையைத் தேடும் தாய்மாரின் சங்கம் ஒன்றுக்கும் போய்வந்தார்.

"மகள் வருவார் என்று இன்னும் நம்புகிறாரா?" என்று கேட்கச் சொன்னாள் மாணவி. கேட்டேன்.

ராத்தா வாழைப்பழத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "இல்ல புள்ள. அவ மௌத்தாகிட்டா, உசிரோட இல்ல. எனக்குத் தெரியும். போகாட்டி சங்கத்து ஆக்கள்ட மனம் நோகும் எண்டுதான் கூட்டத்துக்குப் போறன்."

மாணவி பேனாவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. "கஷ்டம்தான், ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவள் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராத்தா அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தார்.

சில மாதங்களில் அவளுடைய ஆய்வு மின்னஞ்சலில் வந்தது. தாய்மாரின் தளராத நம்பிக்கைதான் அதன் தலைப்பே. ராத்தாவுக்கு வாசித்துக்காட்டும்படி கேட்டிருந்தாள். போனேன். ராத்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து தமிழில் வாசித்துக்காட்டினேன்.

"நான் அப்பிடிச் சொல்லல்லயே புள்ள."

"நான்தான் ராத்தா மாத்திச் சொன்னன்."

கத்தி நின்றது. ஏசுவார் என்று நினைத்தேன். "எல்லாரும் என்னட்ட, மக வருவா, நம்பு நம்பு எண்டாங்க. ஒராள்ட்ட மட்டும்தான் உள்ளதச் சொன்னன். அதயும் நீங்க..." என்றவர் மீன் சட்டியைத் தள்ளிவைத்தார். பிறகு, "பிழையெண்டு எழுதிப் போடுங்க" என்றார்.

அன்றே எழுதினேன். மாணவியின் பதில் அன்பாகத்தான் இருந்தது. ஆய்வைக் கொடுத்து முடிந்துவிட்டதாம், இனித் திருத்த ஏலாதாம். மனதுக்குள் ராத்தாவுக்கு நம்பிக்கை இருக்கத்தான் செய்யும் என்றும் எழுதியிருந்தாள்.

அடுத்த வருடம் வந்தவர்கள் அந்த ஆய்வை வாசித்துவிட்டு, அதே வீட்டுக்குப் போக வேண்டும் என்று நின்றார்கள். நான் தடுத்திருக்கலாம். ராத்தா சம்மதித்தார், அதுதான் எனக்கு ஆச்சரியம். ஆறு பேர் பாயில் இருந்தார்கள். அதே கேள்வி வந்தது. ராத்தா அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நம்பிக்கை இருக்கெண்டு சொல்லுங்க. அதத்தானே எழுதப் போறாங்க."

எழுதினார்கள். வெளியே வந்ததும் அவருடைய மனத்துணிவைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டே வந்த வான் வண்டியில் ஏறினார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது ராத்தா கதவைச் சாத்திவிட்டிருந்தார்.

அந்த வேலையை அத்தோடு விட்டேன். பிறகு இரண்டு தரம் ஏறாவூருக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. யாரும் வெளியே வரவில்லை.