சிங்களத்தில் கேட்ட ஜெபம்

நான்கு வருடங்களுக்கு முன், சுவிஸின் லோசான் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் நான் வேலை செய்தபோது நடந்தது இது.

எங்களுக்கு நிலத்தடி அறையில் வேலை. தோய்த்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரெதிராக நடந்து வந்து மடிக்க வேண்டிய வேலை. அந்தக் குளிர்காலத்தில் எனக்குத் துணையாகப் புதிதாக ஒரு பெண் வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். முகத்தைப் பார்த்து நம்முடைய ஆள் என்று நினைத்துத் தமிழில் வணக்கம் சொன்னேன். அவள் சிரித்தபடி, தான் சிங்களம் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஊரில் போர் நடந்தபோது, வீட்டுக்கு ஒருவர் சண்டைக்குப் போகவேண்டும் என்றிருந்த காலத்தில், எங்கள் வீட்டிலிருந்து இயக்கத்துக்குப் போனவள் நான். பள்ளிக்கூடச் சீருடையைக் கழற்றி வேறு சீருடை போட்டேன். துவக்கைக் கையில் தருவதற்கு முன் வகுப்புகள் எடுத்தார்கள். சிங்களம் பேசுகிறவர்களில் ஒரு நல்லவர்கூட இல்லை, கண்ணீரும் கடவுளும் கோழைகளுக்கு என்று கேட்டுக் கேட்டே நாட்கள் போயின. என்னோடு போன பல தோழிகள் திரும்பி வரவில்லை. போர் முடிந்தது, சுவிஸுக்கு வந்தேன், இங்கே வசிக்கப் பெர்மிட் கிடைத்தது, கல்யாணமாகி மகளும் பிறந்தாள். ஆனால் அந்த வகுப்புகள் மட்டும் எனக்குள் முடியவேயில்லை.

அதனால் அவளோடு விரிப்பு மடிக்கும்போது அவளுடைய விரல் என் விரலில் படாமல் பார்த்துக்கொண்டேன். அவள் எனக்காக மேசையில் வைக்கும் மண்டரின் பழங்களைத் தொடாமல் விட்டுவிட்டு வருவேன்.

இந்த நாட்டில் வருடத்துக்கு ஒருமுறை, பெப்ரவரி மாதத்தின் முதல் புதன்கிழமை, எல்லா ஊர்களிலும் அபாயச் சங்கை ஒலிக்கவிட்டுச் சோதிப்பார்கள். மற்ற வருடங்களில் முன்கூட்டியே நினைவு வைத்து, காதில் பாட்டைப் போட்டுக்கொள்வேன். அந்த வருடம் அடியோடு மறந்துவிட்டேன். சங்கு எழும்பியதும் கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டேன். நினைத்துச் செய்யவில்லை, உடம்பு தானாகச் செய்தது.

பக்கத்தில் யாரோ வந்து படுப்பது தெரிந்தது. அவள்தான். சீமெந்துத் தரையில் என்னைப் போலவே குப்புறப் படுத்து, ஒரு கையை என் முதுகில் போட்டுக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னாள். சிங்களம். எந்த மொழி காதில் விழுந்தால் மூச்சை அடக்கிப் பதுங்குவேனோ, அதே மொழி. இயேசுவின் பெயர் ஒன்றுதான் எனக்கு விளங்கியது. சங்கு ஓயும்வரை அவள் நிறுத்தவில்லை.

பிறகு இருவரும் இயந்திரத்தில் சாய்ந்து உட்கார்ந்தோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. எங்கள் ஓட்டைப் பிரெஞ்சில்தான் முதல்முறையாகக் கதைத்தோம். அவளுடைய தம்பி இராணுவத்தில் சேர்ந்து வன்னிக்குப் போனவன், திரும்பவில்லை. எங்களில் ஒரு நல்லவர்கூட இல்லை என்று அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். இங்கே பஸ்ஸில் தமிழ் கேட்டால் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விடுவாளாம்.

"ஒருநாள் சபையில் எதிரிக்காக ஜெபிக்கச் சொன்னார்கள்," என்றாள். "எனக்கு ஒரு எதிரியின் முகமும் தெரியாது. அதனால் பெயர் தெரியாத ஒரு தமிழ்ப் பெண்பிள்ளைக்காக ஜெபித்தேன். இன்றுவரைக்கும் ஜெபிக்கிறேன். அது நீயாகவும் இருக்கலாம்."

நான் அழுதேன். அவளும் அழுதாள். கீழே இறங்கி வந்த மேற்பார்வையாளர் யார் செத்தது என்று பதறிக் கேட்க, இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவளுடைய மண்டரின் பழத்தை உரித்துச் சாப்பிட்டேன்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவளோடு விவாதம் செய்தேன். போர் நடக்கும்போது உன் கடவுள் எங்கே போனார் என்று கேட்டேன். தெரியாது என்றாள். அந்தப் பதில்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. எங்கள் வகுப்புகளில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, தெரியாது என்று ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அவளோடு சபைக்குப் போகத் தொடங்கினேன். தன்னைக் கொன்றவர்களையே மன்னிக்கக் கேட்ட அந்த ஒருவரை மெல்ல மெல்ல நம்பினேன்.

ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது, சைவரான என் கணவர் கொஞ்சம் யோசித்தார்.

"உமக்கு விருப்பமெண்டால் எடும். ஆனா வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு மட்டும் மாறக்கூடாது," என்றார். அதை நான் இன்றும் மாற்றவில்லை.

ஜூன் மாதத்து ஞாயிறு, ஏரியில்தான் ஞானஸ்நானம். வெயில் கொளுத்தியும் தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தவள் அவள். போதகர் என்னைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்ததும் கல்லில் வழுக்கி, அவளையும் இழுத்துக்கொண்டு மறுபடி விழுந்தேன். தலைமுதல் கால்வரை நனைந்து இருவரும் கட்டிப்பிடித்தபடி எழும்பியபோது கரையில் ஒரே கைதட்டல். "அம்மா, இன்னொருக்கா விழுங்கோ," என்று மகள் கத்தினாள்.

கரையில் சாப்பிட இருந்தோம். அவளும் சம்பல் இடித்து வந்திருந்தாள், நானும் கொண்டு போயிருந்தேன். எதில் உறைப்பு அதிகம் என்று சண்டை பிடித்தோம். என் கணவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டது அவளுடையதைத்தான்.

யாரைப் பற்றியாவது "அவங்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று யாராவது பேசத் தொடங்கினால், தரையில் என் பக்கத்தில் வந்து படுத்தவளின் முகம் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. என்னால் அந்தப் பேச்சுக்கு ஓம் சொல்ல முடிவதில்லை, அப்படி முடியாமல் போனதுதான் எனக்குக் கிடைத்த விடுதலை என்று நினைக்கிறேன்.