பிரபு ஃபோல்டருக்கு ஒரு டிக்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அப்டேட் ஆனது. தானாகவே ஆகிக்கொண்டது. இந்த வீட்டில் என்னைக் கேட்டா எதுவும் நடக்கிறது?

அதோடு தேடல் படுத்துவிட்டது. இந்தப் பத்திக்காக எழுதி வைத்திருந்த ஒரு குறிப்பைத் தேடினேன். பச்சைக் கோடு ஊர்ந்தது... ஊர்ந்தது... நான் குளித்துவிட்டு வந்தபோதும் ஊர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கையை விரித்தது. டெஸ்க்டாப்பிலேயே இருக்கிற ஃபைல் அது! கோபம் வருமா, வராதா?

எங்கள் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நாகராஜுக்கு போன் போட்டேன். வீட்டில் தெலுங்கு, கம்பெனி பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுகிற ஆள்.

"ஒண்ணும் இல்ல சார். தேடறப்பல்லாம் அது முழு டிஸ்கையும் போயி பாக்காது. எது எங்க இருக்குன்னு தனியா ஒரு இண்டெக்ஸ் வெச்சிருக்கும். அப்டேட்ல அது கெட்டுருக்கும். இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் போங்க. எந்த ஃபோல்டருக்கு டிக் இல்லையோ, அதுக்குப் போட்டுட்டு ரீபில்ட் குடுங்க. அப்புறம் அதும் பக்கமே போவாதீங்க, அதுவா முடிச்சிக்கும்."

உங்கள் வீட்டிலும் இதே தொல்லை என்றால் செய்து பாருங்கள். ஆனால் டிக் போடுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் — ஏன் என்று சொல்கிறேன்.

எல்லா ஃபோல்டருக்கும் டிக் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. பிரபு.

பிரபு என் மனைவி கலைச்செல்வியின் தம்பி. தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான். எப்படியாவது பெங்களூரில் ஒரு நல்ல வேலைக்குப் போய்விட வேண்டும் என்று ரெஸ்யூம் அடித்துக்கொண்டே இருப்பான். 'ரெஸ்யூம் ஃபைனல்', 'ரெஸ்யூம் நியூ ஃபைனல்', 'ரெஸ்யூம் மாமா பார்த்தது'... அந்த மாமா நான்தான். போன வருடம் ஊருக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது, குருபரப்பள்ளி தாண்டி, ஒரு லாரி... அதற்கு மேல் எழுத வரவில்லை.

அவன் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு அப்டேட் வந்தால் இவனையும் துடைத்துப் போட்டுவிடுமா? வீம்புக்கு ஒரு டிக் போட்டேன். ரீபில்ட் கொடுத்தேன். மாலைக்குள் தேடல் பறந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை. கலைச்செல்வி ஒரு சின்ன யூனிட்டுக்கு வீட்டிலிருந்தே, இதே கம்ப்யூட்டரில், ஆபீஸ் வேலை பார்க்கிறாள். ஆள் எடுப்பதும் அவள் பொறுப்பு. லேத்துக்கு அவசரமாக ஓர் ஆபரேட்டர் வேண்டும் என்பதால், வந்து கிடப்பவற்றைப் பார்க்க 'ரெஸ்யூம்' என்று தட்டியிருக்கிறாள்.

"ஏங்க... இதுல கைய வெச்சீங்களா?"

எட்டிப் பார்த்தேன். திரை முழுக்கப் பிரபு.

"அப்டேட்ல அவன் ஃபோல்டர் விட்டுப் போயிருந்துச்சு கலை. நாந்தான் சேத்து வெச்சேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"விட்டுப் போவல. நாந்தான் எடுத்து வெச்சிருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"ரெஸ்யூம்னு தேடாத வாரமே இல்ல எனக்கு. தேடறப்பல்லாம் மொதல்ல இவன்தான் வரான். அதப் பாத்துட்டு, அடுத்த நிமிஷமே இன்னொரு பையனுக்குப் போன் போட்டு எப்ப ஜாயின் பண்றீங்கன்னு எப்படிங்க கேக்கறது? நானாப் போயி அவனப் பாக்கறது வேற. வேலை நேரத்துல அவனா வந்து நின்னா தாங்க முடியலீங்க."

காரியம் முடிந்த சில நாட்களிலேயே அவள் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். 'கலை தேறிட்டா' என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான்தான் போன் போட்டுச் சொன்னேன். எப்படித் தேறினாள் என்று அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் 'மாமா பார்த்தது' ஃபைலைத் திறந்தாள். தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம், கன்னடம் என்று இருந்தது.

"கன்னடமாம்! 'ஊட்டா ஆய்த்தா'ன்னு சாப்பாட்ட விசாரிக்கறதுக்கு மேல ஒரு வார்த்தை தெரியாது இவனுக்கு."

"போடச் சொன்னதே நாந்தான். இன்டர்வியூல கேட்டா சமாளிச்சிக்கலாம்னு..."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்ய முடியும்?

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துடுங்க. ஓனர் காலையிலருந்து ஆள் கேட்டுட்டு இருக்காரு."

எடுத்தேன். சற்றுப் பொறுத்து அவள் மறுபடி தேடினாள். யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒருவனின் நம்பரைப் பார்த்து போனை அழுத்தினாள்.

"ஹலோ... தம்பி, எப்ப வந்து ஜாயின் பண்ண முடியும் உங்களால?"

குரலில் ஒரு பிசிறு இல்லை.

மத்தியானம் நாகராஜ் அழைத்தார். "என்ன சார், எல்லாம் வருதா இப்ப?"

"வரவேண்டியதெல்லாம் வருது நாகராஜ்," என்றேன்.