நாயை முந்திய வெப்சைட்

வெப்சைட் வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்து உட்கார்ந்ததும் சொல்கிற முதல் வாக்கியம், "சார், நாம ஃபர்ஸ்ட்ல வரணும்." எந்த வார்த்தையைத் தேடினால் ஃபர்ஸ்ட்டில் வரணும் என்று கேட்டால், இவனுக்குத் தொழில் தெரியாது போல என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒருவர் தன் பெயரைத் தேடினால் தானே முதலில் வர வேண்டும் என்றார். அவர் பெயரை அவரைத் தவிர வேறு யார் தேடப்போகிறார்கள்? நான் அதைக் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இந்தக் கூத்தையெல்லாம் தொண்ணூறுகளின் கடைசியிலேயே ராஜபாளையத்தில் நடத்தி முடித்தவன் நான்.

அப்போது பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று எழுதி ஒட்டியிருந்தோம். ஏ.சி. கிடையாது, ஜன்னல் எந்நேரமும் திறந்தே கிடக்கும், ரோட்டுப் புழுதி முழுக்க நேராக வந்து கீபோர்டில்தான் இறங்கும். இருந்தாலும் செருப்பு வெளியேதான். ஊரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்தேன். வெப்சைட் செய்வது பற்றி அதில் ஒரு வரி கிடையாது. மதுரையில் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் நாலு பக்கம் இருந்தது. அந்த நாலு பக்கத்தை நம்பி, வெப் டிசைனர் என்று விசிட்டிங் கார்டே அடித்து வைத்திருந்தேன்.

என் அக்காவும் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தாள். தறியில் நெய்து, வெளுத்து வருகிற துணியை வெட்டி, சுருட்டி, காகிதம் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிற இடம். அவளோடு ஒரு ஷெட் நிறையப் பெண்கள். அந்த வருஷம் ஆர்டர் குறைந்துபோய், வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்று நாள் வேலையில் ஒரு வாரத்தை ஓட்டுவது லேசில்லை. மீதி நாளில் கூமாப்பட்டிப் பக்கம் நாற்று நட ஆள் கூப்பிட்டால் போவாள், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருப்பாள்.

அவள்தான் ஒருநாள் முதலாளியிடம் போய் நின்று பேசியிருக்கிறாள். "எந் தம்பி கம்ப்யூட்டர்ல இருக்கான் முதலாளி. வெளிநாட்டுக்காரன்லாம் இப்ப அதுலதான் ஆர்டர் குடுக்கானாம்." இதை அவளுக்குச் சொன்னது நான். எனக்குச் சொன்னது அந்தப் பத்திரிகை.

முதலாளி வந்தார். செருப்பை வாசலில் விட்டார், என் நாற்காலியில் உட்கார்ந்தார், நான் நின்றுகொண்டேன். "நம்ம ஊருப் பேரைப் போடுங்க தம்பி. ஊரைப் பத்தி என்ன சொல்லுதான்னு பாப்போம்" என்றார். போட்டேன். அந்தக் காலத்து இணைப்பில் ஒரு படம் வர ஒரு டீ குடித்து முடிக்கலாம். மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். முதலில் இரண்டு காது தெரிந்தது. முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "யாரு இது? தெரிஞ்ச ஆளா இருக்கே" என்றார். பிறகு நெற்றி வந்தது, கண் வந்தது, கடைசியில் ரோஸ் நிறத்தில் மூக்கு வந்தது.

அடுத்த பக்கமும் நாய்தான். அதற்கடுத்ததும் நாய். உலகத்துக்கு ராஜபாளையம் என்றால் வெள்ளை நாய். பஞ்சாலை, பேண்டேஜ், முதலாளி, முதலாளியின் தகப்பனார் எல்லாம் அதற்கு அப்புறம்கூட இல்லை.

"எங்கப்பா மூணு தறியில ஆரம்பிச்ச தொழில் இது" என்றார். விரலால் திரையைத் தட்டினார். "வெள்ளைக்காரன் ஊருப் பேரைப் போட்டா யாருய்யா முன்னால நிக்கணும்? நாமளா, நாயா?"

"நாமதான் முதலாளி."

"அதைச் செய்ங்க மொதல்ல."

நான் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். "முதலாளி, வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம ஊரு பேரே தெரியாது. துணி வேணும்னா துணி பேரைத்தான் போட்டுத் தேடுவான்."

"நம்ம ஊரைத் தெரியாதவன்ட்ட நமக்கு என்ன யாவாரம்?" என்றார்.

இதற்குப் பதில் இருந்தது. சொல்லத் துணிச்சல் இல்லை. இன்றைக்கு இதே பதிலைச் சொல்ல ஆட்கள் காசு வாங்குகிறார்கள்: உங்கள் பெருமை எந்தச் சொல்லில் இருக்கிறது என்பது முக்கியமில்லை, வாங்க வருகிறவன் வாயில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். நானும் வாங்குகிறேன். அன்றைக்கு என் அக்கா வேலை செய்கிற இடத்து முதலாளி முன்னால் நின்றுகொண்டிருந்தேன், தலையை ஆட்டினேன்.

வெப்சைட் என்றதும் அவர் மனதில் வந்தது கல்யாணப் பத்திரிகை. உச்சியில் குலசாமி படம். அதற்குக் கீழே தகப்பனார், மாலையோடு. அதற்குக் கீழே முதலாளி, சால்வையோடு. பக்கத்தில் இரண்டு மைத்துனர்கள், அவர்கள் படத்தைப் போடாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது என்றார். எல்லாருக்கும் கீழே, சிவகாசியில் அச்சடித்த கம்பெனி நோட்டீஸ். என்னென்ன துணி, என்னென்ன அகலம் என்ற விவரமெல்லாம் அதில் இருந்தது. அதைத் திரும்ப டைப் அடிக்கச் சோம்பல்பட்டு அப்படியே ஸ்கேன் செய்து படமாக ஒட்டினேன். படத்துக்குள் இருக்கிற எழுத்தை சர்ச் என்ஜின் படிக்காது என்று என் நாலு பக்கத்திலேயே இருந்தது. மூன்றாவது பக்கத்தில். நான் இரண்டாவது பக்கத்தோடு நின்றிருந்தேன். ஆக, பேண்டேஜ் கம்பெனியின் வெப்சைட்டில் பேண்டேஜ் என்ற சொல் எழுத்தாக ஓர் இடத்திலும் கிடையாது. பக்கத்தின் தலைப்பு என்னவென்று கேட்காதீர்கள். 'புதிய பக்கம் 1' என்று மென்பொருள் தானாக வைத்த பெயரை நான் மாற்றவே இல்லை.

பத்திரிகையில் நான் படித்த இரண்டாவது பக்கத்தில் இருந்தது வேறொரு வித்தை. எந்தச் சொல்லுக்கு முதலிடம் வேண்டுமோ அந்தச் சொல்லைப் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதுவது. பார்க்கிறவர் கண்ணை உறுத்தாமல் இருக்க, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. இதை விளக்கியபோது முதலாளிக்கு என்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது.

"கண்ணுக்குத் தெரியாம எழுதுவீகளா?"

"ஆமா முதலாளி. மிசினுக்கு மட்டும் தெரியும்."

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்ப நாயின்னும் சேத்து எழுதிருங்க. நாயி தேடி வாரவனும் நம்மட்ட வந்துட்டுப் போகட்டும். கூட்டந்தானே."

பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதிய பழக்கம் இருந்தது. ராஜபாளையம் இருநூறு தடவை, ராஜபாளையம் நாய் இருநூறு தடவை, எல்லாம் இங்கிலீஷில். அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற எண் பெட்டி ஒன்று வைத்தேன். பூச்சியத்தில் ஆரம்பித்தால் கௌரவக் குறைச்சல் என்று ஆயிரத்தில் ஆரம்பித்தேன். பிறகு எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு சர்ச் என்ஜினுக்கும் படிவம் நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அக்கா சாயங்காலம் பஸ்ஸில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்: "ஏலே, மெயிலு வந்துச்சா?" அந்தச் சொல்லை அவள் ரயிலைச் சொல்வது போலச் சொல்வாள். ஒருநாள் வந்துவிடும், ஏறிக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

இரண்டு மாதம் கழித்து முதலிடம் வந்தது. பொய் சொல்லவில்லை. நாய்களெல்லாம் கீழே, முதலாளி மேலே. பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தார், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கு. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, ஆபீசில் தகப்பனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

மெயிலும் வந்தது. நாய்க்குட்டி வேண்டும் என்று வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், காது மடிந்திருக்குமா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் நாய் ஓடியாட இடம் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாகத் தன் தோட்டத்துப் படத்தை அனுப்பியிருந்தார். தினமும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். முதலாளி ஒவ்வொன்றையும் ஆர்டர் என்று நினைத்து வாங்கி, படிக்கச் சொல்லி, கேட்டு முகம் சுருங்குவார். ஒரு வாரத்தில் பொறுமை போய்விட்டது. "நம்மட்ட நாயி கிடையாது, இனிமே எழுதாதேன்னு எல்லாருக்கும் ஒரேயடியா அடிச்சு விடுங்க" என்றார்.

ஊரில் இல்லாதபோது தானாகவே பதில் அனுப்புகிற வசதி மெயிலில் இருந்தது. அதில் எழுதி வைத்தேன்: 'எங்களிடம் நாய் இல்லை. தயவுசெய்து மீண்டும் எழுத வேண்டாம்.' அந்தக் காலத்தில் நான் இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதிய ஒரே வாசகம் அதுதான். யார் எழுதினாலும் அந்த நிமிஷமே பதில் போய்விடும். தொல்லை விட்டது என்று ஒரு மாதம் அந்த மெயில் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பெட்டி நிரம்பிவிட்டது என்று அறிவிப்பு வந்தபோதுதான் திறந்தேன். நாய், நாய் என்று அழித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றேன். டென்மார்க்கிலிருந்து ஒருவர். ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் கொடுக்கிறவர். ஏற்றுமதியாளர் பட்டியல் ஒன்றில் கம்பெனியின் மெயில் முகவரியைப் பார்த்து எழுதியிருந்தார். நம் வெப்சைட்டை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. பேண்டேஜ் துணியின் அகலம் என்ன, மாதாமாதம் தொடர்ந்து அனுப்ப முடியுமா, சாம்பிள் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அதற்கு நம் பதில் போயிருந்தது: எங்களிடம் நாய் இல்லை.

மறுநாள் அவர் பொறுமையாக இன்னொன்று எழுதியிருந்தார். தவறுதலாக வேறு யாருக்கோ போக வேண்டிய பதில் எனக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, நான் கேட்டது பேண்டேஜ். அதற்கும் பதில் போயிருந்தது. மீண்டும் எழுத வேண்டாம்.

மூன்றாவது ஒரே வரி. உங்களிடம் நாய் இல்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்ததற்கு நன்றி, நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். அதற்கும் நம் பதில் போயிருந்தது.

மன்னிப்புக் கேட்டு மூன்று மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஏன் வரும்? பிறகு அவர் எழுதிய மூன்றையும் அழித்தேன், என் மன்னிப்பையும் அழித்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. பயந்தேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அக்கா கேட்டாள். "இன்னைக்கு ஒண்ணும் வரலக்கா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. வந்தது போன மாதம்.

பொங்கலுக்குப் பிறகு ஷெட்டை மூடிவிட்டார்கள். முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷெட்டைப் பஞ்சு குடோனுக்கு வாடகைக்கு விட்டார். வெப்சைட்டை மட்டும் எடுக்க விடவில்லை. அது பாட்டுக்கு முதலிடத்தில் நின்றுகொண்டிருந்தது, ஆள் இல்லாத கம்பெனிக்கு. அக்கா அஞ்சு மாதம் களையெடுக்கப் போனாள். நான் அவள் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். சத்திரப்பட்டி ரோட்டில் சின்னதாக ஒரு பேண்டேஜ் கம்பெனி, அதில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறதாம். வாரத்தில் ஆறு நாளும் வேலை. முகம் தெளிந்திருந்தது.

"டென்மார்க்குன்னு ஒரு ஊராம்லடா. எல்லாப் பெட்டியிலயும் அந்தப் பேரைத்தான் ஒட்டுதோம். மாசாமாசம் போகுது."

எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

"அவியளும் வெப்சைட்டு வச்சிருக்காவ. நாலே வரிதானாம். என்ன துணி, எம்புட்டு அகலம், எந்த ஊரு, போன் நம்பரு. சாமி படம்கூடக் கிடையாதாம். அந்த டென்மார்க்குக்காரன் பேண்டேஜுன்னு போட்டுத் தேடிருக்கான், இது வந்துருக்கு, எழுதிட்டான்." குடித்து முடித்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "யாருலே அதை எழுதிக் குடுத்தது? ஒனக்குத் தெரிஞ்ச பையனா?"

"தெரியாதுக்கா."

"விசாரிச்சு, அவன்ட்ட போயி நாலு நாள் இருந்து படிச்சுட்டு வா. வெக்கப்படாத. படிச்சுட்டு வந்து நம்ம பழைய முதலாளிக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடு. எங்கூட அந்த ஷெட்டுல இருந்ததுல பாதிப்பேரு இன்னும் வேலையில்லாமத்தாம்லே கெடக்காளுக."

சரிக்கா என்றேன்.