வால்யூம் அக்கா

நூலகத்தில் புத்தகங்களை எடுத்து அடுக்குவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அங்கே எல்லோருக்கும் அவள் ‘வால்யூம் அக்கா’. மெதுவாகப் பேச வராது. அவள் ரகசியம் சொன்னால் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவருக்கும் கேட்கும். கணவனுக்கு மில் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது; வீட்டில் கத்திக் கத்தியே தொண்டை அப்படிப் பழகிவிட்டது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

புதிதாக வந்த நூலகர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“படிக்கிறவங்க புகார் சொல்றாங்கம்மா. இனிமே பின்னாடி ரூம்ல வேலை பாருங்க.”

அழுகை முட்டியது, காட்டிக்கொள்ளாமல் போனாள்.

பின்னறை முழுக்கத் தடித்தடி புத்தகங்கள். தூசி தட்டும்போது அவற்றின் முதுகில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். வால்யூம் ஒன்று, வால்யூம் இரண்டு... அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதிவேடு எழுதும் கிளார்க்கிடம் ஓடினாள்.

“தம்பி, சத்தத்துக்கும் வால்யூம்னு பேரு, புத்தகத்துக்கும் வால்யூம்னு பேரா? என்ன சம்பந்தம்?”

“அத உங்களத்தான் கேக்கணும்க்கா,” என்று சிரித்தான் அவன்.

சுருக்கென்றது. பெரிய அகராதியை இறக்கினாள். நான்கு நாள் மதியமும் சாப்பாட்டை மறந்து அதிலேயே கிடந்தாள். புரியாத சொல்லுக்கு ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டினாள். ஐந்தாம் நாள் நூலகர் எட்டிப்பார்த்தார்.

“என்னம்மா தேடுறீங்க?”

“என் பேரைத் தேடுறேன் சார். லத்தீன்ல அதுக்குச் சுருள்னு அர்த்தமாம். அப்பல்லாம் புத்தகத்தச் சுருட்டித்தான் வெப்பாங்களாம். அப்புறம் புத்தகத்தோட பருமனுக்கு அந்தப் பேராம். பருமன்லேருந்து அளவு, அளவுலேருந்து சத்தம். புத்தகந்தான் சார் முதல்ல. சத்தம் கடைசியில வந்தது!” மூச்சு வாங்கினாள். “எனக்கும் சத்தம் பிறவியில இல்ல சார். அவருக்குக் காது கேக்காது.”

நூலகர் உள்ளே வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

“இது தெரியாமப் போச்சேம்மா. நாளைக்கே ஹாலுக்கு வந்துடுங்க.”

“காலையில வரேன் சார். மதியம் மட்டும் இங்க விட்டுடுங்க. இன்னும் நாலு வார்த்தை பாக்கணும்.”

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் ஆரம்பித்தாள்: “அந்தக் காலத்துல புத்தகமெல்லாம் சுருட்டு மாதிரி இருக்குமாம்!”

“சுருட்டா? நான் விட்டு ஆறு வருசமாச்சே! எவன் சொன்னான்?”

பக்கத்து வீட்டில் சிரிப்பது கேட்டது. அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் உரக்க, முதலிலிருந்து சொன்னாள்.