எல்லாத்துக்கும் ஓம்

தம்பிக்கு மீசை அரும்பின நாளில இருந்துதான் எனக்குப் பயம் கூடினது. சின்னனாய் இருக்கேக்க அவன் கதைக்காததை ஆரும் பெரிசாய் எடுக்கேல்லை. "பாவம், வாய் பேசாத பிள்ளை" எண்டு கன்னத்தைத் தட்டிப்போட்டுப் போவினம். பதினாறு வயதில என்னைவிட ஒரு சாண் உசந்து, அப்பாவின்ர சேட்டைப் போட்டுக்கொண்டு, கேட்டதுக்கு ஒழுங்கான மறுமொழி இல்லாமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நிண்டால் ஆர் பாவம் எண்டுவினம்?

அவனுக்குக் காது நல்லாய்க் கேட்கும். சொல்லுறதில பாதி விளங்கும். வாயில வாறது மட்டும் ஒரேயொரு சொல்லு: "ஓம்." அதைப் பழக்கினது அம்மா. அம்மா வளர்ந்த காலத்தில துறைமுகத்துப் பக்கம் போற வழியெல்லாம் சோதனைச்சாவடி. கேட்டதுக்கு வாய் திறக்காத பெடியங்களை பஸ்ஸால இறக்கிக் கொண்டுபோனதை அவ கண்ணால கண்டவ. சண்டை முடிஞ்சு எவ்வளவோ காலம், அந்தச் சாவடிகளும் இப்ப இல்லை. அம்மாவின்ர நெஞ்சுக்குள்ள மட்டும் அது அப்பிடியே நிக்குது. "ஆர் என்ன கேட்டாலும் ஓம் சொல்லு ராசா" எண்டு சோறு தீத்தித் தீத்திப் பழக்கினா. ஒரு ஓமுக்கு ஒரு வாய். ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற மிஸ், "இல்லை எண்டும் பழக்குங்கோ அம்மா" எண்டு தலைப்பாடாய் அடிச்சவ. "முதல்ல இது வரட்டும் மிஸ்" எண்டா அம்மா. மற்றது வரவேயில்லை.

போன வருசம் ஒருநாள் விடிய, பக்கத்து வீட்டு மாமாவின்ர படகு இஞ்சினைக் காணேல்லை. கரையில பொலிஸ் வந்து நிண்டது. படகு தள்ள எண்டு தம்பி தினமும் அங்கதான் நிற்பான். நானும் அம்மாவும் ஓடிப்போனம்.

"தம்பி, இஞ்சின் நீ எடுத்தது?" எண்டு பொலிஸ்காரர் தெரிஞ்ச தமிழில கேட்டார்.

"ஓம்."

"வேற ஆள் இருந்தது?"

"ஓம்."

அவர் அவன்ர மணிக்கட்டைப் பிடிச்சிட்டார். அப்பா கடலில. வாய் திறக்கச் சொல்லிப் பிள்ளையை வளர்த்த அம்மாவுக்கு அந்த நேரம் வாயே எழும்பேல்லை. இவன் வேற, கெட்டிக்காரத்தனமாய் மறுமொழி சொல்லிப்போட்டன் எண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கிறான்!

என்னை எல்லாரும் வாய்க்காரி எண்டுதான் சொல்லுறவை. அண்டைக்கு அது உதவிச்சுது.

"கொஞ்சம் நில்லுங்கோ சேர்! தம்பி, சீனன்குடாவில நிக்கிற பிளேனைக் களவெடுத்ததும் நீயோ?"

"ஓம்."

"இந்தக் கடலைக் குடிச்சதும் நீயோ?"

"ஓம்."

ஆரோ கெக்கட்டமிட்டுச் சிரிச்சினம். பொலிஸ்காரர் நம்பாமல், "நான் பொம்பிளை?" எண்டு கேட்டார். அதுக்கும் ஓம். அவருக்கே சிரிப்பு வந்திட்டுது. இஞ்சினைப் பறிகுடுத்த மாமாவும் "விடுங்கோ சேர், இது ஒண்டுமறியாத பிள்ளை" எண்டார். பொலிஸ்காரர் கையை விட்டார்.

தப்பினம் எண்டு நினைச்சன். எங்க தப்பினது? இவன் எதுக்கும் ஓம் சொல்லுவான் எண்டு முழுக் கரைக்கும் தெரிஞ்சு போச்சுது. காணுற இடமெல்லாம் கேள்வி. "நீ மந்திரியோடா?" "ஓம்." "உனக்கு ரெண்டு பெண்சாதியோடா?" "ஓம்." அவனுக்கெண்டால் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. பிறந்த நாளில இருந்து இத்தனை பேர் அவனோட கதைச்சதில்லை. பயம் எனக்குத்தான். பகிடிக்குக் கேட்கிறவனும் அவனுக்கு ஒண்டுதான், கூட்டிக்கொண்டு போகக் கேட்கிறவனும் ஒண்டுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு அவனோட இறங்குதுறைப் பக்கமாய் வந்தன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெடியள் வழக்கம்போல கூப்பிட்டாங்கள்.

"டேய், கடலுக்குள்ள குதிப்பியோ?"

"ஓம்."

சிரிச்சுப்போட்டுத் தூண்டிலுக்குத் திரும்பியிட்டாங்கள். அவங்களுக்கு அதோட கதை முடிஞ்சுது. தம்பிக்கு முடியேல்லை. செருப்பைக் கழட்டிச் சோடியாய் ஓரத்தில வைச்சான். சேட்டுப் பொத்தானைக் கழட்டத் தொடங்கினான். நீந்தத் தெரியாது அவனுக்கு.

"ஐயோ!" எண்டு ஓடிப்போய்ச் சேட்டைப் பிடிச்சு இழுத்தன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், கோவமில்லை, குழப்பம். சொன்னதைச் செய்ய விடுறாள் இல்லையே எண்டு நினைச்சிருப்பான் போல. என்னையும் இழுத்துக்கொண்டு கடல் பக்கமே போனான். என்ர கால் ரெண்டும் பலகையில வழுக்குது. பெடியள் தூண்டிலை எறிஞ்சுபோட்டு ஓடிவந்து இடுப்பில பிடிச்சபடியால்தான் வீடு வந்து சேர்ந்தம்.

இப்ப எனக்குக் கம்பஸில படிக்க இடம் கிடைச்சிருக்கு, கொழும்பில. "நீ போ பிள்ளை, நான் பாத்துக்கொள்ளுவன்" எண்டு அம்மா சொல்லுறா. அண்டைக்கு மூண்டு பெடியள் சேர்ந்து பிடிச்சும் அவனை லேசில நிப்பாட்ட ஏலாமல் போனதை நான் இன்னும் அவவுக்குச் சொல்லேல்லை.