இடதுகால் வரவில்லை

வடக்கே கசார்வாடியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஜெபமணி உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தது 2003 ஜூன் மாதம். குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். சொந்த ஊரான சாத்தான்குளத்துப் பக்கம் அவனைத் தெரியாதவர் இல்லை. இங்கே பள்ளி விட்டு அறைக்குப் போனால் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப்பக்கத்துக்காரியான அமலா அக்கா வீட்டுக்குப் போனால் ஒரு டீயும் அரைமணி நேரத் தமிழும் கிடைக்கும். அக்காவின் மகள் பார்கவி அவன் பள்ளியில்தான் இரண்டாம் வகுப்பு.

பள்ளிப் பரிசோதனைக்கு டாக்டர் வருமுன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரம், எடை எடுத்து, ஓட, பந்து பிடிக்க, ஒற்றைக்காலில் குதிக்க வருகிறதா என்று எழுத வேண்டும். வலதுகாலில் எல்லாரும் நன்றாகவே குதித்தார்கள். காலை மாற்றச் சொன்னதும் ஒவ்வொருவராகச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். முப்பத்திரண்டு பேருக்கும் 'இடதுகால் வரவில்லை' என்று எழுதிக் கொடுத்தான்.

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதுங்க லங்டி ஆடுற பிள்ளைங்க சார்," என்றார் ஹிந்தியில். "ஒத்தைக்கால்லயே துரத்திப் பிடிக்கணும். காலை மாத்தினா அவுட். மொத்த வகுப்பையும் அவுட்டாக்கிட்டீங்களே."

மறுநாள், இது லங்டி இல்லை என்று விளக்கிவிட்டு இடதுகாலில் குதிக்கவைத்தான். முப்பத்தொரு பேர் குதித்தார்கள். பார்கவி மட்டும் இரண்டாவது குதியிலேயே இடுப்பு சாய்ந்து சுவரைப் பிடித்தாள். மூன்று தடவை பார்த்தான். மூன்று தடவையும் அப்படித்தான்.

"நேத்து முப்பத்திரண்டு, இன்னிக்கு ஒண்ணு. நாளைக்கு அதுவும் சரியாயிடும்," என்றார் தலைமையாசிரியை. "அம்மாவே வந்து கேட்டா டாக்டர் பாக்கட்டும். டாக்டருக்குக் குடுக்கிற பட்டியல்ல இவ பேரை நான் அனுப்ப மாட்டேன்."

அன்று சாயங்காலமே போனான்.

"என்ன தம்பி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லியே?" என்று சிரித்தபடி கதவைத் திறந்த அமலா, விஷயத்தைக் கேட்டதும் நின்றுவிட்டாள்.

"பொம்பளப் பிள்ளைய நொண்டின்னு சொல்லுதியா?"

"நொண்டின்னு சொல்லலக்கா. இடுப்ப ஒருக்கா டாக்டர்ட்ட காட்டுங்க. இப்பவே பாத்தா சரி பண்ணிரலாம்."

"எங்க வீட்டு டீயக் குடிச்சிட்டு எம்பிள்ளையவே குறை சொல்ல வந்துட்ட. போ தம்பி."

டாக்டர் வந்த நாளில், பட்டியலில் இருந்த பிள்ளைகளை அவர் பார்த்து முடித்தபின் அமலா பார்கவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, வராந்தாவில் நின்ற ஜெபமணியைத் தாண்டி அவள் நடந்தாள். அவன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அறையிலேயே இருந்தான்.